தூரமா என்று கேட்பது

எங்கள் பக்கத்தில் ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கும்போது "எங்கே போறே" என்று கேட்க மாட்டோம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். கேட்டே தீரவேண்டும் என்றால் "தூரமா?" என்போம். போகிறவர் "தூரந்தான்" என்றோ "இதோ கிட்டக்க" என்றோ சொல்லிவிட்டு நடப்பார். ஊர் பேர் வாயில் வராது. நான் திண்டிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை பார்த்து, முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்கார்ந்த இன்றைக்கு வரைக்கும் யாரையும் எங்கே என்று கேட்டதில்லை.

என் பையன் பட்டாளத்தில் இருக்கிறான். சேர்ந்த பிறகு முதல் லீவில் வந்தபோது என்னை உட்கார வைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"மா, ஃபோன்ல எங்க இருக்கற, எங்க போறன்னு எதுவும் கேக்கக்கூடாது. கேட்டாலும் நான் சொல்லக்கூடாது."

"நான் என்னிக்கிடா எங்கேன்னு கேட்டிருக்கறேன்? தூரமான்னுதானே கேப்பேன்."

அவன் சிரித்தான். "அப்ப அதையே வெச்சிக்கலாம் மா."

அப்படித்தான் அது எங்களுக்குள் ஏற்பட்டது. மலைக்கு மேலே, எதிரே சைனாக்காரன் நிற்பது தெரிகிற இடத்தில் இருந்தால் "தூரந்தான்." கீழே முகாமில் இருந்தால் "அவ்ளோ தூரம் இல்ல." லீவு கிடைத்து ரயில் ஏறிவிட்டால் "கிட்டக்க." இந்த மூன்றைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. தெரிந்தால் யாராவது கேட்கும்போது முகத்தில் தெரிந்துவிடும். எனக்கு வெளி ஆட்களிடம் பேச வராது. பேச வராதவளுக்கு மறைக்கவும் வராது.

கல்யாணமாகி மருமகள் வந்தாள். விழுப்புரத்துப் பெண், காலேஜ் படித்தவள். அவளுக்கு இந்த "தூரமா" எல்லாம் வேடிக்கை. போன லீவில் அவன் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் விடாமல் கேட்டாள், ஏன் முன்போல லீவு கொடுப்பதில்லை என்று.

"முன்னல்லாம் சைனாக்காரனும் எங்கள மாதிரி மூச்சு வாங்கிக்கினுதான் மேல ஏறி வருவான். இப்ப உச்சி வரைக்கும் ரோடு போட்டுட்டான். வண்டியில வந்து ஜம்முன்னு எறங்கறான். ஆளில்லாம பறக்கறத அனுப்பி, நாங்க கஞ்சி காய்ச்சறது வரைக்கும் மேலருந்து பாத்துக்கினு இருக்கான். பொட்டக் காட்டுல வரிசையா ஊடு கட்டி வெச்சிருக்கான். சாயங்காலமானா லைட்டு எரியுது. உள்ள ஆளு இருக்குதா இல்லையான்னு யாருக்கும் தெரியல."

"நாம இன்னா பண்றோம்?" என்று கேட்டாள்.

"நாமளும் ரோடு போடறோம். நாமளும் பறக்க உடறோம். அவன் ஆள ஏத்தினா நாமளும் ஏத்தணும். ஏத்தின ஆள அவன் எறக்கறதில்ல, நாமளும் எறக்க முடியல."

நான் மெதுவாகக் கேட்டேன். "அப்ப அவன் ரோடு போட்டா உனக்கு லீவு கட்டா?"

"அவ்ளோதான் மா. எங்க ஆபீசரு சொல்றத விட நல்லா சொல்லிட்ட!"

அவன் கேலிக்குச் சொன்னான். ஆனால் அன்றிலிருந்து டிவியில் சைனா என்ற பேச்சு வந்தாலே நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து நின்றுவிடுவேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் பறக்கிற விமானம் செய்துவிட்டான், ஏவுகணையைக் காட்டி ஊர்வலம் விட்டான், விமானம் ஏறி இறங்குகிற கப்பலைக் கடலில் இறக்கினான் என்று சொல்வார்கள். மருமகள் அதைச் செய்தியாகக் கேட்பாள். எனக்கு ஒவ்வொன்றும் என் பையன் இன்னும் கொஞ்ச நாள் வரமாட்டான் என்று கேட்கும்.

மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் ஒருத்தி, கூடையை இறக்கும்போதே சொன்னாள்.

"யக்கா, சிலோனுக்கு சைனாக் கப்பலு வந்து நிக்குதாமே. எங்க ஊட்டு ஆளுங்க கடலுக்குப் போவும்போதெல்லாம் இதே பேச்சு. ஆராய்ச்சிக் கப்பலாம்."

"இன்னாத்த ஆராயறானாம்?"

"சங்கராவ ஆராயறானோ, நெத்திலிய ஆராயறானோ. உனுக்கு எது வோணும், சொல்லு."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் மலையைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இவள் கடல் பக்கமும் ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். என் பையனே, "இந்த சைனா ஃபோன் செட்ட மாத்திடு மா, எங்க ஆளுங்க இதெல்லாம் ஊட்ல கூட வேணான்றாங்க" என்று சொல்லியிருந்தான். மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற செல்போன் கடைக்கு மருமகளோடு போனேன். கடைக்காரர் நாலு செட்டை எடுத்துப் போட்டார். இதில் சைனா இல்லாதது எது என்று மருமகள் கேட்டதற்கு, "மேல பேரு வேற வேற இருக்கும்மா. உள்ள பிரிச்சா எல்லாத்துலயும் அவன் கொஞ்சம் இருப்பான்" என்றார். ஒன்றை வாங்கி வந்தோம். பேசாத நேரத்தில் அதை நான் துணி போட்டு மூடி வைத்தேன். மருமகள் பார்த்துவிட்டு, "குளிருதா அத்தை அதுக்கு?" என்றாள்.

அவள் வயிற்றில் பிள்ளை வந்தபிறகு வீட்டில் ஒரே பேச்சு, பிரசவத்துக்கு அவன் வருவானா என்பதுதான். லீவு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். கடைசியாகப் பேசினபோது நான் தூரமா என்றேன். "தூரந்தான் மா. ரொம்ப தூரம்." ரொம்ப என்று அவன் அதுவரை சொன்னதில்லை. அதோடு ஃபோன் நின்றுவிட்டது. போட்டால் மணியே போகவில்லை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து மருமகளுக்கு ஃபோன் வந்தது. ஆம்பளைக் குரல். சுத்தமான தமிழ், எந்த ஊர் வாடையும் இல்லாத தமிழ். என் பையன் வேலை செய்கிற ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். பையன் பேர் சொன்னான். மருமகள் முழுகாமல் இருப்பதையும் சொன்னான். எனக்குக் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிரசவத்துக்கு லீவு கேட்டிருக்கிறார் அம்மா. இன்றைக்கே பாஸ் பண்ணிவிடலாம். கடைசியாகப் பேசும்போது எந்த இடத்தில் இருப்பதாகச் சொன்னார்? மேலே போய்விட்டாரா, கீழேதான் இருக்கிறாரா? கூட எத்தனை பேர் போனார்கள்?"

லீவு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அவளிடம் என் பையன் ஏதோ இடத்தின் பேரைச் சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவள் வாயைத் திறந்தாள். நான் எழுந்துபோய் அவள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டேனே தவிர, என்ன பேசுவது?

"தூரங்க" என்றேன்.

"தூரம் என்றால் எந்த ஊர் அம்மா?"

"தூரந்தாங்க."

"அம்மா, எத்தனை கிலோமீட்டர் இருக்கும்? ஊர் பேரைச் சொல்லுங்கள்."

எங்கள் பக்கத்து மனுஷன் யாரும் அப்படிக் கேட்க மாட்டான். தூரம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவான். எந்தப் பட்டனை அமுக்கினால் நிற்கும் என்று தெரியாமல், ஃபோனை அரிசி டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். டப்பாவுக்குள் "அம்மா? ஹலோ? அம்மா?" என்று கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் ஓய்ந்தது.

"அத்தை! இன்னா காரியம் பண்ணீங்க!" மருமகள் டப்பாவைத் திறந்து அரிசிக்குள் கையை விட்டுத் தேடினாள். ஃபோனை எடுத்து அந்த நம்பருக்கே திருப்பிப் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

"அவன் நல்லவன் இல்லம்மா."

"இன்னாத்த கண்டீங்க? தமிழ்லதானே பேசினாரு. சைனாக்காரனா அவரு?"

"தமிழு தெரிஞ்சவன அவன் கூலிக்கு வெச்சிக்க மாட்டானா?"

"உங்களுக்கு எத எடுத்தாலும் சைனா! இப்ப லீவு போச்சுன்னா யாரு பதில் சொல்றது? புள்ள பொறக்கச் சொல்ல அவரு இல்லன்னா, அது உங்களாலதான்."

அன்றிலிருந்து அவள் சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தத்தில் கோபம் தெரிந்தது. பட்டாளத்து ஆபீஸில் புத்தகத் தமிழ் பேசுகிறவர் ஒருவர் இருக்கக்கூடாதா என்ன? தூரம் என்பது தெரியாத நல்லவர்களும் உலகத்தில் இருப்பார்களே. என் பிள்ளையின் லீவை அரிசி டப்பாவில் போட்டு மூடியது நான்தானோ என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மருமகளுக்கு மாசம் நெருங்கியபோது ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஒட்ட வெட்டின தலை, வெயிலில் கருத்து உரிந்த மூக்கு, கையில் ஒரு பை. உங்கள் பையனோடு இருப்பவன், லீவில் வந்திருக்கிறேன் என்றார். மருமகள் "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் கதவு ஓரத்திலேயே நின்றேன். ஃபோனில் ஊரைக் கேட்டவன் இப்போது ஆளையே அனுப்பிவிட்டானோ?

சோதிக்கலாம் என்று நினைத்து, "தூரமா?" என்றேன்.

"தூரம் இல்லீங்கம்மா, வளவனூருதான். பஸ்ஸுதான் பேஜாரு பண்ணிடுச்சு" என்றார்.

தேறினாரா தவறினாரா என்று எனக்கு விளங்கவில்லை. தன் வீடு தூரமா என்று நான் கேட்டதாக எடுத்துக்கொண்டார். அது நியாயந்தான். எங்கள் வழக்கம் தெரியாமல் சொன்னதாகவும் இருக்கலாம். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, பையன் கொடுத்தது என்று நீட்டினார். உள்ளே சுருங்கிக் காய்ந்த மஞ்சள் நிறப் பழங்கள். இந்தப் பழத்தை நான் பார்த்ததே இல்லை. வாங்கி ஜன்னல் மேல் வைத்தேன்.

மருமகள் முதலில் லீவைத்தான் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப இல்ல தங்கச்சி. அந்தப் பக்கம் புதுசா இன்னான்னமோ கொண்டாந்து நிறுத்தியிருக்கான். அதுக்கு முந்தின வண்டியில நான் எறங்கிட்டேன். அடுத்தது அவன்தான் எறங்கணும். வண்டியே நின்னுபோச்சு."

"நாங்க ஆபீஸுக்கு சரியா பதில் சொல்லாததாலயாண்ணா?" என்று கேட்டு, ஃபோன் வந்த கதையைச் சொன்னாள். அரிசி டப்பாவைச் சொல்லவில்லை.

"ஆபீஸா? நாங்க எங்க இருக்கறோம்னு ஆபீஸு உங்கள கேக்குமா? அனுப்பினதே அவங்கதானே!"

"அப்ப அது யாருண்ணா?"

"காசு புடுங்கற கும்பலா இருக்கலாம். வேற யாருக்காவது வேல செய்யறவனா இருக்கலாம். நான் எங்காளுங்க கிட்ட சொல்லிடறேன். நீங்களும் ஸ்டேஷன்ல சொல்லி வெச்சிடுங்க."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல டீ வைக்கப் போனேன். இவர் சொல்வது எல்லாம் பொருந்தியது. பொருந்தும்படி பேசவும் ஆள் உண்டு.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டும்போது மருமகள் வாசலுக்கு வந்து, "நேரா எங்கண்ணா போறீங்க?" என்றாள்.

அவர் மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "இன்னா தங்கச்சி, கெளம்பச் சொல்ல எங்கேன்னு கேக்கற? தூரமான்னு கேளு. உன் ஊட்டுக்காரன் அங்க மேல எல்லாரையும் அப்படித்தான் கேக்க வெச்சிருக்கான். ராத்திரி ரோந்துக்குக் கெளம்பும்போது எவனாவது எங்கேன்னு கேட்டா அவனுக்கு அவ்ளோ கோவம் வரும். இப்ப இந்திக்காரன், பஞ்சாபி, எல்லாருமே 'தூர்மா, தூர்மா'ன்றானுங்க. அது இன்னா அர்த்தம்னு கூட அவனுங்களுக்குத் தெரியாது."

நான் ஜன்னல் மேலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பழத்தை வாயில் போட்டேன். புளிப்பும் தித்திப்புமாக இருந்தது. உள்ளே ஓடிப்போய், வறுத்து வைத்திருந்த மல்லாட்டையை எல்லாம் பையில் கொட்டி அவர் கையில் கொடுத்தேன். பாதி உங்களுக்கு, பாதி அவனுக்கு என்றேன். அப்புறம் முறையாகக் கேட்டேன்.

"தூரமா?"

"தூரந்தாங்கம்மா" என்றார். இந்தத் தடவை அவர் வளவனூரைச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு மருமகள் அரிசி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அவன் வரமாட்டான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. விழுப்புரத்திலிருந்து சம்பந்தி வந்து கூட இருந்தாள். இரண்டு நாள் கழித்து அவன் ஃபோன் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. நான் ஒன்று சொன்னால் அது அங்கே போய்ச் சேர்ந்து பதில் வர நேரமானது. அந்த இடைவெளியில் நடுவில் யார் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார்களோ என்று எனக்கு இருந்தது.

"மா, நல்லா இருக்காளா? புள்ள நல்லா இருக்குதா? எந்த ஆஸ்பத்திரி மா? எங்க பொறந்துச்சு?"

"கிட்டக்கதான்" என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவன் சிரிப்பது கேட்டது.

"சரி மா. கிட்டக்க."

"நீ தூரமா?"

"தூரந்தான் மா."

பேச்சுக்கு நடுவே டிக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மருமகள் ஃபோனுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்கிறதா என்று நான் காதோடு வைத்திருந்தேன். அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. யார் கேட்டாலும் அந்த அழுகையில் ஊர் பேர் இருக்காது என்று, ஃபோனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.