தேத்தண்ணி குடிச்சீங்களா என்று கேட்டவர்

பரமேஸ்வரி அக்காவைக் கொன்றது இரத்த அழுத்தம் அல்ல. தரை துடைக்க மட்டும் சம்பளம் கொடுத்து, மொழிபெயர்ப்பைச் சும்மா வாங்கிக்கொண்ட எங்கள் ஆஸ்பத்திரிதான். அங்கே இலக்கத் துண்டு கொடுக்கும் நானும் அதற்கு உடந்தை.

செய்தி வந்தபோது கிளினிக் தொடங்கியிருந்தது. பன்வில பஸ்ஸில் வந்த ஒருவர் என் ஜன்னலில் குனிந்து, "அக்கா காலையிலேயே போயிட்டாங்க தம்பி" என்றார். பிறகு தன் கிளினிக் கொப்பியை நீட்டினார். இலக்கம் கொடுத்தேன். பின்னால் வரிசை நின்றது.

இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் தோட்டத்து ஆட்கள் சோற்றைத் தொடமாட்டார்கள். ஆனால் சீனி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். அது அவர்களுக்குச் சாப்பாடே இல்லை. கொழுந்து பறிக்கும் மாரியாயிக்கு இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறதென்று டாக்டர் இரண்டு முறை மாத்திரையைக் கூட்டினார். மாரியாயி மலையில் கூடையோடு மயங்கி விழுந்தார். அடுத்த கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில், சாப்பிட்டாயா என்றார். மாரியாயி இல்லையென்று தலையாட்டினார். அது பொய்யில்லை.

தரை கூட்டும் தும்புத்தடியோடு நின்ற அக்கா குறுக்கே கேட்டார். "தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"அது குடிக்காம எப்புடிம்மா பஸ் ஏறுறது?"

வரிசையே சிரித்தது. அக்கா டாக்டருக்குச் சிங்களத்தில் விளக்கினார். டாக்டர் சிரிக்கவில்லை, மாத்திரையைக் குறைத்தார்.

அதற்குப் பிறகு எல்லா அறையிலிருந்தும் அவரைக் கூப்பிட்டார்கள். உங்களில் பலருக்குத் தெரியும், சுகர், பிரஷர், கண் என்று மூன்று கிளினிக்குக்கும் அறை அறையாய்ப் போய் ஒரே நாளை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். "ஒரு நாள் பேரு, ஒரு நாள் சம்பளம், போனா தாங்குவாங்க. மூணு நாள் போனா வரவே மாட்டாங்க" என்பார்.

அவருடைய பிரஷர் கிளினிக்கும் அதே செவ்வாய்தான். நான் இலக்கம் எடுத்து வைப்பேன். அவர் பெயரைக் கூப்பிடும்போது அக்கா கண் கிளினிக் அறையில் வேறு யாருக்காகவோ பேசிக்கொண்டிருப்பார். "அடுத்த தரம் பாத்துக்கலாம் தம்பி." அவருடைய கொப்பியில் 'வரவில்லை' என்று ஒவ்வொரு முறையும் எழுதியது என் கை.

அக்கா இல்லாத இந்தச் செவ்வாய் தும்புத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். சிங்களத்தில் கேட்டேன். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். தமிழிலும் கேட்டேன்.

"அக்கா செஞ்ச வேலைக்குச் சம்பளம் போட்டு ஒரு ஆளை வையுங்க, சேர்."