இரண்டு குறுக்குக் கட்டைகள்

பாலம் கட்டுகிறவன் ஒரு பாலத்துக்கு இரண்டு பாலம் கட்ட வேண்டும். கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கிறவரைக்கும் அதைத் தாங்குகிற சவுக்குக் கம்புப் பாலம் முதலில். ஊரார் பார்க்கிற பாலம் அப்புறம். கட்டும்போதே ஒரு பாலம் விழுந்தால் முதல் பாலத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். சைட்டில் நின்று வெயில் தின்ற சக பாவிகளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எண்பதுகளில், ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு சூப்பர்வைசராகப் போனபோது, எனக்கு இது புத்தகத்தில் படித்த அளவுக்குத்தான் தெரியும்.

செருப்பு

கால்வாய் வற்றிக் கிடந்தது. மேல் மண் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அரையடி தோண்டினால் களி. கம்பும் பலகையும் கட்டுகிற சென்ட்ரிங் மேஸ்திரி முனியாண்டி அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு கம்புக்கு அடியிலும் அகலப் பலகை ஒன்றைப் போட்டுத்தான் நிறுத்தினார். இல்லையென்றால் மேலே பாரம் ஏற ஏறக் கம்பு களிக்குள் இறங்கும். ஒன்று இறங்கினால் அதன் பாரமும் பக்கத்துக் கம்பு தலையில் விழும். பிறகு வரிசையே போய்விடும்.

மிளகாய்ப் பழம் பறிக்கப் போகிற பெண்கள் தினமும் அந்தக் கால்வாயில் இறங்கித்தான் அக்கரைத் தோட்டத்துக்குப் போவார்கள். முன்னால் நடப்பது பஞ்சவர்ணம் அக்கா. அவர் சொன்னால்தான் மற்றவர்கள் நிற்பார்கள், நடப்பார்கள். ஒரு நாள் நின்று பலகைகளைக் குனிந்து பார்த்தார்.

"கம்புக்கெல்லாம் செருப்புப் போட்டுட்டீக. நாங்கதான் வெறுங்காலோட போறோம்."

வழி

கம்புகளை நிறுத்தியதும் குறுக்குக் கட்டைகள் கட்டினோம். உயரமான கம்பை மேலிருந்து அழுத்தினால் நடுவில் வளையும். நடுவில் ஒருத்தர் பிடித்துக்கொண்டால் வளையாது. அந்தப் பிடிக்கிற ஆள்தான் குறுக்குக் கட்டை. சிக்கல் என்னவென்றால், கரையோரம் பெண்கள் இறங்குகிற வழியில் அது சரியாகத் தலை உயரத்தில் வந்தது. மிளகாய் மூட்டையோடு குனிய முடியுமா? சுற்றிப் போனால் அரை மைல்.

பஞ்சவர்ணம் அக்கா என்னிடம் வந்து, இரண்டே இரண்டு கட்டையை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்டார். மேஸ்திரி ஒரே பேச்சாகக் கூடாது என்றார். நானோ ஊருக்குப் புதுசு. நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று துடித்த வயசு. நாற்பது கட்டையில் இரண்டுதானே என்று அவிழ்க்கச் சொல்லிவிட்டேன். கான்கிரீட் போடுகிற அன்றைக்குத் திரும்பக் கட்டிவிடலாம் என்று மேஸ்திரிக்குச் சமாதானமும் சொன்னேன். அதை நோட்டில் எழுதி வைக்கவில்லை. முட்டாள்தனத்துக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவிழ்த்த வழியில் பெண்கள் நிமிர்ந்து நடந்து போனார்கள். கடைசியாகப் போன பஞ்சவர்ணம் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"நல்லாருப்பீக சார்."

சாமி மூலை

கான்கிரீட் போடுகிற நாளில் கான்ட்ராக்டர் தேங்காய், சூடத்தோடு வந்துவிட்டார். முதல் சட்டிக் கலவை ஈசான மூலையில்தான் விழ வேண்டும் என்பது அவர் கட்டளை. சட்டி சுமக்கிற பெண்களில் பஞ்சவர்ணம் அக்காவும் அவர் கூட்டத்தாரும் இருந்தார்கள். அன்றைக்குத் தோட்டத்தில் பறிப்பு இல்லை.

முதல் சட்டியோடு நின்றிருந்தால் சரி. கலவை மெஷினும் அந்தக் கரையிலேயே இருந்ததால், சட்டிகள் எல்லாம் அங்கேயே விழுந்து குவிய ஆரம்பித்தன. பாரத்தை ஒரே இடத்தில் குவித்தால் அடியில் இருக்கிற நாலு கம்பு மட்டும் சுமக்கும். பரப்புங்கள், பரப்புங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கான்ட்ராக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"சாமி மூலை சார், கொஞ்சம் கூடுதலாவே இருக்கட்டும்."

நூல் குண்டு

தளத்தைத் தாங்குகிற பலகைக்கு அடியில் அங்கங்கே நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, குண்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற மாதிரி தரையில் ஒரு முளை அடித்து வைப்போம். தளம் இறங்கினால் குண்டு முளையைத் தொட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பார்க்கலாமே என்று கீழே இறங்கினேன். ஈசான மூலையில் குண்டு முளையில் உட்கார்ந்து, நூல் தளர்ந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் அங்கே இரண்டு கம்புகள் நடுவில் வில்லாக வளைந்து நிற்கின்றன. அது பெண்களின் வழி. கட்டைகளைத் திரும்பக் கட்டவே இல்லை. பூஜை அவசரத்தில் நான் மறந்தே போயிருந்தேன்.

தலைக்கு மேலே பதினைந்து பெண்கள் சட்டியோடு நடக்கிற சத்தம். எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்த மேஸ்திரி கம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"முதல்ல பொம்பளையாளுகள இறக்குங்க சார். அப்புறமா என்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

நிழல்

இறக்கினேன். வேலை நின்றதற்குக் கான்ட்ராக்டர் தாம்தூம் என்று குதித்தார். வேலையை விட்டுப் போகச் சொன்னார். போகிறேன், கட்டை கட்டிவிட்டுப் போகிறேன் என்றேன். மேலே இரண்டு ஆட்களை மட்டும் விட்டுக் குவியலை வாரிப் பரப்பச் சொல்லிவிட்டு, நானும் மேஸ்திரியும் அடியில் போய்ப் புதுக் கம்பு கொடுத்து, ஆப்பு இறுக்கி, இரண்டு கட்டையையும் கட்டினோம். இன்றைக்கு யாராவது அப்படி அடியில் போனால் நானே அறைவேன். அன்றைக்குக் கட்டையைப் பிடித்தது நான். மேஸ்திரிதான் முடிச்சுப் போட்டார். கலவை இறுகுவதற்குள் மிச்சத்தைப் போட்டு முடித்தோம். பாலம் நின்றது. கான்ட்ராக்டரும் என்னைப் போகச் சொன்னதை மறந்துவிட்டார்.

கான்கிரீட் இறுகுகிற நாள் கணக்கு முடிந்து கம்புகளைப் பிரித்தபின் ஒரு மத்தியானம், பஞ்சவர்ணம் அக்கா பாலத்துக்கு அடியில், நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு கட்டையால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் எடுத்த சோற்றோடு மேலே தளத்தைப் பார்த்தார்.

"கேக்குறவுக கேக்கத்தான் செய்வோம் சார். மாட்டேன்னு சொல்லத்தான உங்கள இங்கன நிப்பாட்டியிருக்காக."

அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிறவரைக்கும் ஊர் ஊராக நான் சம்பளம் வாங்கியது, பாதிக்கு மேல், அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதற்காகத்தான்.