வலப்பக்கத்து விரல்

என் அண்ணி மீன் வரைவார். சந்தையில் கிடக்கும் மீனை அல்ல. உயிருள்ள ஏரி மீனை, ஏரியின் நடுவிலேயே, படகில் உட்கார்ந்துகொண்டு. கரைக்குக் கொண்டுவருவதற்குள் நிறம் வெளுத்துவிடுமாம். "வீட்டுல வரைஞ்சா வேகவச்ச மீன் மாதிரி வருது" என்பார். தண்ணீர்மேல் போனால்தான் அவருக்குக் கை ஓடும். கரையில் ஒரு கோடு போடச் சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

என் அண்ணன் பஸ் ஓட்டுநர். விடுமுறை நாளில் வலையும் கையுமாக அண்ணியோடு கிளம்பிவிடுவார். பிடித்த மீனை ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் விட்டு, அண்ணிக்கு எதிரே பலகைமேல் வைப்பார். மீன் புத்தகங்களில் எல்லா மீனும் இடப்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும்; அது அந்தத் தொழிலின் சட்டம். மீனுக்குச் சட்டம் தெரியுமா? அதனால் அண்ணிக்கு வலப்பக்கமாக, தொட்டியின் ஓரத்தில், அண்ணன் ஒரு விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விரலுக்குப் பயந்து மீன் தலையை இடப்பக்கம் வைத்துக்கொள்ளும். பத்து நிமிடம். அப்புறம் மீன் ஏரிக்குப் போய்விடும். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆறு நாள் பஸ் ஓட்டறேன், ஏழாவது நாள் விரல் விடறேன்" என்பார்.

ஏரி மீன்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு நாற்பது படம் கேட்டிருந்தார்கள். முப்பத்தொன்பது முடிந்திருந்தது. பணிமனையில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கப்போன அண்ணன், படியிலேயே சாய்ந்துவிட்டார். மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

மிச்சமிருந்தது சிவப்பு வால் கெண்டை. மழைக்குப் பின் தண்ணீர் தெளியும் இரண்டு வாரம்தான் கண்ணில் படும். அண்ணி என் தையல் கடைக்கு வந்து நின்றார்.

"நீ துடுப்புப் போட வேண்டாம், வலை வீச வேண்டாம். வந்து விரல் மட்டும் வை. உங்க அண்ணனுக்காக இதை முடிச்சுடறேன்."

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆனால் அது பாதிதான். ஆள் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வண்ணப்பெட்டியைத் தூக்கிவிட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

"அண்ணனே போயாச்சு. இனிமே மீனு எந்தப் பக்கம் பார்த்தா என்ன அண்ணி?" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தேன்.

அண்ணி தனியாகவே போனார். மூன்றாம் நாள் மீன் கிடைத்தது. வலக்கையில் தூரிகை, இடக்கை விரலைத்தான் தொட்டிக்குள் விட முடிந்தது. மீன் வலப்பக்கம் திரும்பிக்கொண்டது. இடக்கையைக் குறுக்கே நீட்டிப் பார்த்தாராம், கைக்குப் பின்னால் மீனே மறைந்துபோனது. வலப்பக்கம் ஒரு விரல் வேண்டும். அங்கே ஆள் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் அண்ணி வரைவார். அப்படியே வரைந்து, "இதைத் திருப்பாதீங்க, இது மட்டும் நான் தனியா வரைஞ்சது" என்று ஒரு சீட்டும் வைத்து அனுப்பினார்.

புத்தகம் வந்தது. ஒழுங்கு பார்க்கிற யாரோ ஒரு புண்ணியவான் கணினியில் திருப்பிவிட்டிருந்தார். நாற்பது மீனும் இடப்பக்கம் பார்த்தன. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எழுதிக்கூட வச்சீங்களே அண்ணி! இவங்களைச் சும்மா விடறதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு சண்டைக்கே கிளம்பிவிட்டேன். தண்ணீருக்குத்தான் பயம், ஆட்களுக்கு இல்லை.

அண்ணி எழுந்திருக்கவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிவப்பு வாலுக்குப் பின்னால், தாளின் வலது ஓரத்தில், தன் விரலை வைத்தார்.

"விடு. இப்படிப் பார்த்தா, இதுக்கும் அவர் கூட இருந்த மாதிரியே இருக்கு."

பத்து நிமிடத்துக்கு என் விரலைத்தான் கேட்டிருந்தார். செருப்புக் காலோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.