பதினொரு வரியும் பிரதம விருந்தினரும்

ஹனோவரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்டால், முதலில் மண்டபம் பார்ப்பார்கள். அடுத்ததாகச் செல்வராசாவுக்கு ரெலிபோன் எடுப்பார்கள். சமையல்காரர், வீடியோக்காரர் எல்லாம் அதற்குப் பிறகுதான். முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் ஒலிவாங்கி என்றால் அது செல்வராசாவின் கையில்தான் இருக்கும்.

அவர் அதைத் தேடிப் போகவில்லை என்றுதான் சொல்வார். அகதியாக வந்து இரண்டாவது வருடம், ஒரு விளையாட்டுப் போட்டியில் அறிவிப்புச் செய்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாக்கோட்டம் முடியும்வரை பிடியுங்கோ என்று ஒலிவாங்கியை இவரிடம் கொடுத்தார்கள். சாக்கோட்டம் அன்றைக்கே முடிந்தது. ஒலிவாங்கியை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

வார நாட்களில் அவருக்குப் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் வேலை. பொதிகள் ஓடும் பெல்ட்டின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் கதைக்க ஏலாது. எட்டு மணித்தியாலம் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு நிற்பார். ஐந்து நாள் உள்ளே தேங்கிய பேச்சு முழுவதும் சனி ஞாயிறில் மடை உடைக்கும். ஏழு நிமிடம் ஆடப்போகிற பிள்ளையை அவர் ஒன்பது நிமிடம் அறிமுகப்படுத்துவார். பிறந்த ஆஸ்பத்திரியில் தொடங்கி, பிறக்கும்போது நிறை எவ்வளவு என்பதையும் விடமாட்டார். திரைக்குப் பின்னால் பிள்ளை அரைமண்டியில் நின்று கால் நடுங்கும். சனம் பொறுத்துக்கொண்டது. குரல் அப்படி. கேட்டால் வெண்கலம் தோற்கும்.

ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் மேடைக்கு அழைத்த மனிதர், தன் மகள் தேனுஜா மேடையில் பாடி ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூடக் கச்சேரி ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அவருக்கு ஒரு சாமத்திய வீடு. இசைக் கல்லூரியின் கடைசிப் பரீட்சை, யாரும் வந்து கேட்கலாம் என்றார்கள். அன்றைக்கு ஒரு நூல் வெளியீடு. தேனுஜா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத பிள்ளை என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் பக்கத்து ஊர்த் தியேட்டர் ஒன்று அவளை ஒரு பருவத்துக்குப் பாடகியாக எடுத்தது. பெப்ரவரியில் தொடங்கி ஆறு காட்சிகள். நூற்றைம்பது வருடப் பழைய இத்தாலிய ஒப்பெரா. ஒரு சீமாட்டி எதிரிப் படையின் தளபதியைக் காதலிப்பாள். நடுவில் ஏகப்பட்ட சத்தியங்கள். முடிவில் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாவாள். தேனுஜா சீமாட்டி அல்ல, சீமாட்டியின் வேலைக்காரி. காட்சி தொடங்கி இருபதாவது நிமிடம் வருவாள். பதினொரு வரி பாடுவாள். சீமாட்டியின் கடிதத்தை வாங்கிக்கொண்டு போவாள். அதற்குப் பிறகு கதையில் அவளுக்கு வேலை இல்லை. கடிதத்தோடு போனவள் என்ன ஆனாள் என்று அந்த ஒப்பெராவில் ஒரு சனமும் கேட்பதில்லை.

இதை அவள் தகப்பனுக்கு மூன்று முறை சொன்னாள். மூன்றாம் முறை, அவளுக்கு வழக்கமில்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"இந்த ஒண்டுக்கு வாங்கோ அப்பா. வேறை ஒண்டும் செய்ய வேண்டாம். வந்திருந்து கேட்டால் காணும்."

"வாங்கோ" என்பது செல்வராசாவுக்குக் கேட்டது. மீதி கேட்கும் முன்பே அவர் மனதில் அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.

உண்மையிலேயே அச்சடித்தார். 'ஐரோப்பியப் பெருமேடையில் ஈழத்தமிழ்க் குயில்' என்று மேலே. கீழே தேனுஜாவின் படம், பின்னால் மங்கலாகத் தியேட்டர். சீமாட்டியாகப் பாடுகிறவரின் பெயருக்கு இடம் காணவில்லை. அதற்குக் கீழே, தேனுஜாவின் பெயரைவிட இரண்டு மடங்கு தடிப்பில், 'பிரதம விருந்தினர்: திரு. சிவகுருநாதன்'.

சிவகுருநாதன் எத்தனை சங்கத்துக்குத் தலைவர் என்பதை அவரே எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார். அவர் வராமல் அந்தப் பக்கத்தில் விளக்கு எரியாது. வருவதும் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான். நேரத்துக்கு வருகிறவரைக் கதிரை அடுக்க வந்தவர் என்று சனம் நினைத்துவிடும் அல்லவா? அழைப்பிதழில் 'பி.ப. 3.00 மணிக்குச் சரியாக' என்று போட்டிருந்தது. 'சரியாக' என்று போட்டால் நாலு மணி என்று எங்கள் சனத்துக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

தியேட்டர் அலுவலகத்துக்குச் செல்வராசா மூன்று மின்னஞ்சல் எழுதினார். தொடங்குமுன் மேடையில் குத்துவிளக்கு ஏற்றலாமா என்பது முதலாவது. தீயணைப்பு விதிகளின்படி முடியாது என்று பதில் வந்தது. பத்து நிமிட வரவேற்புரைக்கு இடம் உண்டா என்பது இரண்டாவது. இல்லை என்றார்கள். மூன்றாவதில், மகள் பாடி முடித்த கையோடு பிரதம விருந்தினர் மேடைக்கு வந்து பொன்னாடை போர்த்த ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், வாத்தியங்களை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் வர நாலு நாள் எடுத்தது. மிகவும் மரியாதையான பதில்.

"இவங்களுக்கு விழா நடத்தத் தெரியாது," என்றார் செல்வராசா மனைவி கமலநாயகியிடம்.

அந்த ஞாயிறு வந்தது. முப்பத்து நாலு பேருக்கு மூன்றாம் நாலாம் வரிசைகளில் இடம் எடுத்திருந்தார்கள். இரண்டே முக்காலுக்கு வந்து நின்றவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் செல்வராசாவும் கமலநாயகியும். காட்சிக்கான முதல் மணி அடித்தது. செல்வராசா பட்டு வேட்டியும் குளிர் அங்கியுமாக வாசல் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் மணி அடித்தபோது கமலநாயகி வந்து கையைப் பிடித்தார்.

"வாங்கோ உள்ளுக்கு. கதவு சாத்தப் போறாங்கள்."

"அவர் வரேக்க வாசல்ல ஆர் நிக்கிறது?"

"வாசல் நிக்கும்."

"நீ போ. நான் அவரையும் கூட்டிக்கொண்டு ஓடி வாறன்."

கமலநாயகியும், நாலாம் வரிசையில் இடம் எடுத்திருந்த மற்ற நாலு பேரும் போனார்கள். மூன்றாம் மணி அடித்தது. கறுப்புச் சட்டை போட்ட, நரைத்த தலையுள்ள பெண்மணி ஒருவர் இரண்டு கதவையும் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

மூன்று மணி பன்னிரண்டுக்குச் சிவகுருநாதன் வந்தார். அவரைப் பொறுத்தவரை இது வெட்கப்படும் அளவுக்கு முந்தி. அவருக்குப் பின்னால், வாகனம் நிறுத்த இடம் தேடிய மற்ற இருபத்தேழு பேரும் வந்தார்கள். செல்வராசா எல்லாரையும் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புச் சட்டைப் பெண்மணி எழுந்து, இடைவேளைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, அப்போதுதான் திறக்கலாம் என்றார். இவர் பிரதம விருந்தினர் என்று செல்வராசா விளக்கினார். அந்தப் பெண்மணி சிவகுருநாதனுக்குக் கை கொடுத்து, மிக்க மகிழ்ச்சி என்று சொல்லி, எதிரே இருந்த நீளமான வாங்கைக் காட்டினார்.

வாங்கில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நின்றார்கள். பட்டுச் சேலைகள் சரசரத்தன. சிவகுருநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார். செல்வராசாவால் உலகத்தில் தாங்க முடியாதது ஒன்று உண்டென்றால், அது காத்திருக்கிற சனத்துக்கு முன்னால் ஒருவரும் பேசாமல் இருப்பது. அவர் தொண்டையைச் செருமினார்.

ஒலிவாங்கி இல்லாமலே தொடங்கினார். வந்திருந்த பெரியவர்களுக்கு வணக்கம் சொன்னார். தேனுஜா பிறந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார். மூன்று கிலோ நூறு என்றார். நாலு வயதில் அவள் தண்ணீர்க் குழாயின் சத்தத்துக்குச் சுருதி பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கறுப்புச் சட்டைப் பெண்மணி எழுந்து வந்து அவருடைய முழங்கையை மெல்லத் தொட்டார். கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கள், உள்ளே ஒருவர் பாடுகிறார் என்றார்.

செல்வராசா சிரித்தார். அது என் மகளாகத்தான் இருக்கும் என்று ஜெர்மனில் அவருக்குப் பகிடியாகச் சொன்னார். தமிழில் சனத்துக்கும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, தேனுஜாவின் ஐந்தாவது வயதுக்குப் போனார். சுவரில் இருந்த மணிக்கூட்டில் அப்போது மூன்று இருபத்தொன்று.

இடைவேளையில் கதவு திறந்தது. கமலநாயகி மூன்றாம் வரிசையில் வெற்றுக் கதிரைகளுக்கு நடுவே தனியே இருந்தார். கண் சிவந்திருந்தது. சீமாட்டிக்காக அழுதிருக்கிறார் என்று செல்வராசா நினைத்தார். கமலநாயகி எதையோ சொல்ல வாயெடுத்தார். சிவகுருநாதனுக்குக் கோப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த செல்வராசா, பிறகு என்று கையைக் காட்டினார். கமலநாயகி வாயை மூடினார். இருந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. வரிசையின் அடுத்த தொங்கலில், கமலநாயகிக்கு எட்டத் தள்ளி, பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் செல்வராசா உட்கார்ந்தார். மேடையில் ஒரு பெண் வந்தாள்.

"இப்ப வருவா," என்றார் செல்வராசா. அது கன்னியாஸ்திரி. படைவீரர்கள் வந்தார்கள். தளபதி சத்தியம் பண்ணினான். ஒரு கிழவி வந்தாள். "இனி வருவா." சிவகுருநாதன் கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தார், இடைக்கிடை குறட்டையும் கேட்டது. கடைசியில் சீமாட்டி கத்தியால் குத்திக்கொண்டாள். குத்திக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் பாடினாள்.

"குத்துப்பட்ட ஆள் இவ்வளவு நேரம் பாடுமோ?" என்று சிவகுருநாதன் விழித்துக் கேட்டார்.

"இது இத்தாலி, ஐயா. பொறுங்கோ, பிள்ளை இனித்தான் வருவா."

சீமாட்டி செத்தாள். திரை விழுந்தது. திரும்பத் திறந்தபோது, வேலைக்காரியின் ஏப்பிரன் கட்டிய தேனுஜா, ஒரு காவற்காரனுக்கும் ஒரு கன்னியாஸ்திரிக்கும் நடுவில் நின்று குனிந்து நிமிர்ந்தாள். மூன்றாம் வரிசையும் நாலாம் வரிசையும் எழுந்து கைதட்டின. சீமாட்டிக்குக்கூட அவ்வளவு கைதட்டு இல்லை. பக்கத்து ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மகள் நல்லாய்க் குனியிறா," என்றார் சிவகுருநாதன். அதில் கிண்டல் இல்லை. அவர் கண்டதைச் சொன்னார்.

கலைஞர்களுக்கான பின்வாசலில் தேனுஜா முகத்தில் பாதிப் பூச்சோடு வந்தாள். பொன்னாடை போர்த்தியாயிற்று. படம் எடுத்தாயிற்று. சனம் வாகனங்களுக்குக் கலைந்த பிறகு, செல்வராசா மேடைத் தமிழில், மிகவும் சிறப்பாக அமைந்திருந்தது என்று தொடங்கினார்.

"எந்த இடம் அப்பா?" என்று தேனுஜா கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் மூன்றாம் வரிசை நன்றாகத் தெரியும் என்று கமலநாயகி பிறகு சொன்னார். செல்வராசாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"கடைசியில," என்றார். "குனிஞ்ச இடம்."

தேனுஜா தலையை ஆட்டினாள். அடுத்த ஞாயிறும் மூன்று மணிக்குக் காட்சி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வாங்கோ என்று இந்த முறை சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு சிவகுருநாதனின் அறுபதாம் கலியாணம். மண்டபத்தில் நானூறு பேர். அறிவிப்புச் செல்வராசா என்று போன வருடமே முடிவான விஷயம். செவ்வாய்க்கிழமை வேலையிடத்து இடைவேளையில், அவர் காதடைப்பானைக் கழற்றிவிட்டு ரெலிபோன் எடுத்தார்.

"ஐயா, ஞாயிறு எனக்கு ஏலாது."

"ஏன், சுகமில்லையோ?"

"சுகமாய்த்தான் இருக்கிறன். மகள் பாடுறா."

"அதுதானே போன ஞாயிறு பாத்தனாங்கள்?"

"நான் கேக்கேல்லை, ஐயா."

மறுமுனை, அப்ப ஆர் அறிவிப்பு என்று கேட்டது. செல்வராசாவிடம் பதில் இருந்தது. ஐங்கரன். முப்பது வயது. இங்கேயே பிறந்தவன். பீட்சாவுக்கு ஓடர் கொடுக்கிற மாதிரித் தமிழ் பேசுவான் என்று நாலு வருடமாக எல்லாரிடமும் சொல்லி, அவனை ஒரு மேடையிலும் ஏறவிடாமல் வைத்திருந்தவர் செல்வராசாதான். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு முழு நிமிடம் எடுத்தது. பெல்ட் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தபடியால், இரண்டு தரம் கத்திச் சொல்லவும் வேண்டியிருந்தது.

ஞாயிறு ஒன்றரைக்கே தனியாக ரயிலில் வந்து இறங்கினார். தியேட்டர் பூட்டியிருந்தது. குளிரில் நின்றார். கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கறுப்புச் சட்டைப் பெண்மணி அவரை அடையாளம் கண்டு, காட்சி தொடங்கும்வரை அவர் வரிசையின் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மூன்று இருபதுக்குத் தேனுஜா வந்தாள். பாட்டு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. இத்தாலியன் அவருக்கு விளங்கவில்லை. மேடைக்கு மேலே ஓடிய ஜெர்மன் மொழிபெயர்ப்பை அவர் பார்க்கவில்லை. நன்றாகப் பாடினாளா என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு ஆள் எங்கே மூச்சு எடுக்கிறது, எங்கே விடுகிறது. அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு அவள் போனாள்.

இடைவேளையில் பின்வாசலுக்குப் போய் மகளைக் கூப்பிடச் சொன்னார். தேனுஜா வந்து, அவர் தனியாக நிற்பதைப் பார்த்து, அவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"நாலாவது வரி முடிய நீ மூச்சு எடுக்கேல்லை," என்றார் செல்வராசா. "அப்பிடியே ஏழாவது மட்டும் போனாய்."

"ஓம்."

"எனக்கு அது ஏலாது."

தேனுஜா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அதைப் பழக எட்டு மாதம் எடுத்தது என்றாள். செல்வராசாவுக்கு மூச்சைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது. முப்பது வருட அனுபவம், ஒலிவாங்கியை வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, வெந்நீரில் என்ன போட்டுக் குடிப்பது. அவர் தொண்டையைச் செருமியதும், உள்ளே கூப்பிடுகிறார்கள் என்று தேனுஜா உள்ளே போய்விட்டாள்.

அவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார். மண்டபத்திலிருந்து பத்துப் பதினைந்து செய்திகள் வந்திருந்தன. ஐங்கரன் எல்லாவற்றையும் இரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிட்டானாம். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் சோறு சுடச்சுட இருந்தது என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள்.