மரைக்காரின் சுத்தமான விரல்

மரைக்காரே, என் அண்ணனை, என் காக்காவை, நீங்கள் பொய்யனாக்கினீர்கள். பள்ளிவாசல் பொறுப்பில் இருக்கிற நீங்கள், எங்கள் உம்மா இறந்த ஜனாஸா வீட்டு வாசலில் அதைச் செய்தீர்கள். காக்காவை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர ஆயத்தமாக்கிய எங்கள் வேன் போகாமல் நின்றது. அதன் கண்ணாடியில் சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்து, விரலைத் தூக்கிப் பிடித்தீர்கள். "எங்கடா சாம்பல்? ஒரு பொட்டுக் காட்டுங்க பார்ப்பம். வரப் பஞ்சிப்பட்ட சோம்பேறி ஆகாயத்தில பழிய போடுறான்." நாலு பேர் சிரித்தார்கள். என் கையிலிருந்த போனில் காக்கா இன்னும் லைனில் இருந்தார்.

காக்கா எங்கள் வீட்டில் மூத்தவர். கட்டாரில் விமானத்துக்குச் சாமான் ஏற்றுகிறவர். முதல் நாள் மஃரிப் தொழுகை நேரம் உம்மா மௌத்தான செய்தி கேட்டதும் டிக்கெட் எடுத்து, ஒரு பையோடு விமான நிலையத்தில் போய் நின்றார். செங்கடலுக்கு அப்பால் வெடித்த எரிமலையின் சாம்பல் பாதையில் கிடந்ததால் விமானத்தை ரத்துச் செய்துவிட்டார்கள். "தம்பி, மையித்த வெச்சிட்டு இரிக்காதீங்க. என்னப் பார்க்காம அடக்கிருங்க" என்று சொன்னதும் அவர்தான். அடக்கியதில் எனக்குக் கோபமில்லை. மார்க்கம் அப்படித்தான். அந்த விரலில்தான் கோபம்.

சாம்பல் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் அரிசி மில்லின் உமிச்சாம்பலில் கனமானது கடல்காற்றில் எங்கள் ஓட்டில் விழும். நைசானது எங்களையும் தாண்டி வயல்பக்கம் போகும். உங்கள் முற்றத்தில் ஒன்றும் விழாது. உம்மா காயப்போட்ட வெள்ளை உடுப்பைக் கொண்டுவந்து காக்கா நியாயம் கேட்ட அன்றும், உங்கள் ஜீப்பில் இதே விரலைத்தான் இழுத்தீர்கள். "இஞ்ச ஒண்டும் இல்லையே, தம்பி!"

எரிமலைச் சாம்பல் பொடியான கல்லும் கண்ணாடியும். பருத்தது மலையடியிலேயே விழும். மாவைவிட நைசானது விமானம் பறக்கும் உயரத்துக்கு ஏறி, மேல்காற்று இழுக்கும் பக்கம் நாடு நாடாகப் போகும். வழியில் கொஞ்சம் கொஞ்சமாக ஐதாகி மெலிந்துவிடும். அதனால் கீழே நிற்பவனுக்கு வானம் நீலமாகவே தெரியும். விமானத்தின் ராடரிலும் தட்டுப்படாது. எஞ்சினுக்குள் போனால் சூட்டில் உருகி, உள்ளே ஒட்டி இறுகி, எஞ்சினையே நிறுத்திவிடக்கூடும். அது இங்கே நம் கல்முனையில் வேன் கண்ணாடியில் வந்து படிய வேண்டியதில்லை. காக்கா இதையெல்லாம் அன்றைக்கே போனில் சொன்னார். நான் உங்களிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத்தான் விரலை நீட்டினீர்கள்.

அதற்குப் பிறகு காக்கா ஊருக்கு வரவில்லை. போன கிழமை கதைத்தார். "உம்மாவ அடக்கின கபுறடிக்கு ஒருக்கா வரணும்டா. பொய்யன் வாறான் எண்டா வேன் அனுப்புவியா?" என்று சிரித்தார்.

வேன் இன்றும் அதே வாசலில்தான் நிற்கிறது. வருகிற வெள்ளி ஜும்ஆ முடிந்ததும், அன்று சிரித்தவர்கள் கேட்க, பள்ளிவாசல் மைக்கில் பதில் சொல்லுங்கள்: என் காக்கா பொய் சொன்னாரா, இல்லையா? அந்த விரலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள்.