தர்மிளா காத்த கடவுச்சொற்கள்

முரசுமோட்டைக்கு அப்பால் உள்ள ஒரு கமக்காரர் அமைப்புக்கு, போகந்தோறும் வயற்பங்கைப் பதியும் இணையத்தளத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தவள் தர்மிளா. முன்பிருந்த தளத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் எழுதுவினைஞரின் கொப்பியில் கிடந்தன. அதைப் பார்த்து, சிலருடைய வயற்பங்கை வேறு சிலர் பதிந்துகொண்டார்கள். அவள் அந்தக் கொப்பியை ஒழித்தாள். ஒவ்வொருவருடைய சொல்லோடும் அவருக்கென்றே எழுந்தமானமான சில எழுத்துகளைச் சேர்த்து, மீட்க முடியாதபடி அரைத்து, ஒரு வரியாக வைத்தாள். சேர்க்கும் எழுத்துகளுக்குத் தொழிலில் உப்பு என்று பெயர். உள்நுழைபவர் சொல்லைத் தட்டியதும், தளம் அதே உப்பைச் சேர்த்து அரைத்து ஒப்பிடும். பாதிப்பேர் அம்மன் கோவிலின் பெயரையே சொல்லாக வைத்திருந்தாலும், ஒருவருடைய வரி மற்றவருடையதைப்போல் இராது. தன்னாலும் படிக்க முடியாது என்பதே அவளுக்கு நிம்மதி.

சிறுபோகப் பதிவு நான்கு மணியோடு முடிகிற நாளில், மூன்றரைக்குத் தங்கம்மா வந்தார். கணவர் மாயாண்டி பக்கவாதத்தால் பேச்சிழந்து வைத்தியசாலையில் கிடந்தார். புதுச்சொல் வரவேண்டிய கைத்தொலைபேசியும் அவர் விழுந்தபோது வாய்க்காலோடு போய்விட்டது. பதியாவிட்டால் இந்தப் போகம் அவர்களுக்கு வயல் இல்லை.

அமைப்பின் தலைவர் கனகலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“சொல்லைப் பார்த்துச் சொல்லன், பிள்ளை.”

“பார்க்கேலாது, ஐயா. எனக்கே தெரியாது.”

“சமைச்சவளுக்குச் சட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரியாதாம்,” என்று தங்கம்மாவிடம் சிரித்தார். ஆனால், பொதுச்சபையில் அவள் விளக்கியதை அவர் மறந்திருக்கவில்லை. “சரி, படிக்க வேண்டாம். என்ர வரியை உப்போட தூக்கி மாயாண்டியின்ர இடத்தில வை. என்ர சொல்லுக்கு அவன்ர கணக்குத் திறக்கும்தானே?”

இதுவரை எவரும் கேட்காத கேள்வி அது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தங்கம்மா அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம். திறக்கும்.”

அவள் வரியை மாற்றி வைக்க, கனகலிங்கம் தன் சொல்லைத் தட்டினார்; பத்து நிமிடத்தில் பதிவு முடிந்தது. தங்கம்மா அவளுடைய கைகளைப் பிடித்துக் கண்கலங்கிவிட்டு, பேருந்துக்கு விரைந்தார். பழைய வரியைத் திரும்ப வைக்கத் தர்மிளா திரையின் பக்கம் திரும்பினாள். கனகலிங்கம் எழுந்திருக்கவில்லை.

“பூநகரியில நிக்கிற குகதாசனும் பதியேல்ல. அவனுக்கும் வை. பங்கை நான் பார்த்துக்கொள்ளுறன்.”

“அவர் கேக்கேல்லையே, ஐயா.”

“மாயாண்டியைக் கேட்டே வைச்சனீ?”

அவர் வாசலை மறித்துக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நான்கு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடங்கள் இருந்தன.