கடைசி ஜோடி செருப்பு

தேவசுந்தரிக்கு எழுத்து தெரியாது, செருப்பு தெரியும். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் ரோட்டில் இருக்கிற அந்த சர்ச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேர் வந்தால், நூற்றைம்பது ஜோடியும் யாருடையது என்று வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். அம்மையார்குப்பத்துத் தறிக்கார வீட்டில் பிறந்தவள். ஆயிரம் இழைக்கு நடுவே அறுந்த ஓர் இழையைத் தேடிப் பழகிய கண் அது.

சர்ச்சைத் திறப்பது, பெருக்குவது, மணி அடிப்பது, கடைசியில் பூட்டுவது எல்லாம் அவள்தான். புருஷன் போன பிறகு பதினேழு வருஷமாகச் செய்கிறாள். பின்பக்கத்து ஒற்றை அறைதான் வீடு. பிரசங்கம் ஆரம்பித்ததும் ஒரு காரியம் செய்வாள். உள்ளே பார்த்துக் கிடக்கும் செருப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பி, கேட்டைப் பார்த்து வைப்பாள்.

"ஏன்டி இந்த வேலை?" என்று யாராவது கேட்டால், "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஓடறவன் செருப்பத் திருப்பிகினா நிப்பான்?" என்பாள்.

பூட்டுவதற்கும் அவளுக்கு ஒரே சட்டம்தான். படியில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் பூட்டு தொங்காது. அந்தச் சட்டத்தால்தான் பிரசங்கத்தில் தூங்கிப் பெஞ்சுக்கு அடியில் சரிந்துவிட்ட யோபுக் கிழவர் இரண்டு தடவை வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சர்ச்சுக்கு ஜெபசீலன் செயலாளராக வந்தார். சென்னையில் ஏதோ கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். செல்போனில் எந்த நாட்டிலோ எந்த சர்ச்சிலோ நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, நம் சபைக்கு ஆபத்து வாசலில் நிற்கிறது என்றார். வாசலில் தேவசுந்தரிதான் நின்றாள்.

பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. ஏழு பேர். முதல் கூட்டம் இரண்டரை மணி நேரம் நடந்து, கழுத்தில் மாட்டும் அட்டைக்கு நீலக் கயிறா சிவப்புக் கயிறா என்பது முடிவானது. நீலம்.

அந்த நீலக் கயிற்றுக்கு வேலையும் வந்தது. ஒரு கிருத்திகை ஞாயிறு. மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்த ஆந்திராக்காரர் ஒருவர், மின்விசிறியைப் பார்த்ததும் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழு பேரும் அவரைச் சூழ்ந்தார்கள். அவர் தெலுங்கில் தண்ணீர் கேட்டார். ஏழு பேரில் ஒருவர் நாற்காலியைத் தூக்கிப் பிடித்தார்.

தேவசுந்தரி வாசலிலிருந்தே சொன்னாள்: "செருப்பே இல்லாம நடந்து வந்த மனுசன். காலு கொப்புளிச்சுக் கீது பாருங்க. நாற்காலிய வெச்சுட்டு ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

குடித்துவிட்டு, போதகரையும் கும்பிட்டுவிட்டு அவர் போனார். அன்றைய நடவடிக்கைப் புத்தகத்தில் ஜெபசீலன், "ஊடுருவல் ஒன்று வெற்றிகரமாக முறியடிக்கப்பட்டது" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு சும்மா இருப்பாரா? எட்டு கேமரா வந்தது. வருகிறவர்கள் பெயர் எழுத ரிஜிஸ்டர் வந்தது. செல்போன்களைப் போட்டுவிட்டு வர வாசலில் பிளாஸ்டிக் கூடை வந்தது. திருவிருந்துச் சாமான் வைக்கும் சின்ன அறை, கேமராக்களைப் பார்க்கும் அறையானது. அதன் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் இரும்புக் கதவு போட்டார்கள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடியும் கிடையாது, சாவித் துளையும் கிடையாது.

"திருடன் உள்ள போனா வெளிய வரக்கூடாதும்மா. அதான் ஏற்பாடு" என்று ஜெபசீலன் அவளிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். கொடுத்த கையோடு இன்னொன்றும் சொன்னார். "ஏஜென்சிலேர்ந்து ராஜவேலுன்னு ஒரு ஆள் வரப்போறார். இனிமே ரிஜிஸ்டர் எழுதத் தெரிஞ்சவங்கதான் வாசல்ல இருக்கணும். கேமரா பிரதிஷ்டை அன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் பூட்டிட்டு, சாவியெல்லாம் அவர்கிட்ட குடுத்துடுங்க. நீங்க இருக்கற ரூமையும்."

"பேர எழுதி வெச்சுகினு இல்ல சார் நானு. ஆளத் தெரிஞ்சு வெச்சுகினு கீறேன்."

"காலம் மாறிப்போச்சும்மா."

"ஆங்" என்றாள் தேவசுந்தரி. அந்த வாரம் முழுக்க, இருக்கிற நாலு பாத்திரத்தை மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

பிரதிஷ்டை நாள் மே மாதத்து ஞாயிறு. எல்லாருக்கும் முன்மாதிரியாக ஜெபசீலனே தன் செல்போனை முதலில் கூடையில் போட்டார். போதகர் கேமராக்களுக்காக ஜெபித்தார். ஆராதனை முடிந்து, ஜனங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் பந்திக்குப் போனார்கள். ஸ்பீக்கரில் பாட்டு ஊரைப் பிளந்தது. வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தேவசுந்தரி, கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ராஜவேலு, கேமரா மாட்டிய தீனதயாளன்.

"யக்கா, பூட்டிட்டு சாவியக் குடு. பிரியாணி ஆறுது" என்றான் தீனதயாளன்.

"ஒரு ஜோடி கீது."

கீழ்ப்படியில், தூணோரம், ஒரு ஜோடி தோல் செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்தது.

"எவனாவது மறந்துட்டுப் போயிருப்பான்."

"மே மாசம், பன்னண்டு மணி வெயிலு, தார் ரோடு. செருப்ப மறந்துட்டு எவன் போவான்? நீ அந்த டீக்கடை வரைக்கும் வெறுங்கால்ல போய்ட்டு வா பாக்கலாம்."

தீனதயாளன் செல்போனை நீட்டினான். "பாருக்கா. எட்டு கேமரா. ஒண்ணுல நாம நிக்கறோம், மிச்சம் ஏழுலயும் பெஞ்சுதான் தெரியுது. உள்ள ஒரு ஈ இல்ல."

"கேமராவப் பாக்கற ரூம்ல கேமரா கீதா?"

தீனதயாளன் எட்டுப் படத்தையும் விரலால் ஒரு சுற்று தள்ளிப் பார்த்தான். "அது பாக்கற ரூமாச்சேக்கா. அத எதுக்குப் பாக்கணும்?"

ராஜவேலு மெதுவாகச் சொன்னான்: "யக்கா, சாவிய எங்கிட்ட குடுத்துட்டா உனுக்குப் பொறுப்பு விட்டுதே. நீ போய்ச் சாப்புடு."

"குடுக்கற வரைக்கும் எனுக்குத்தானே பொறுப்பு."

அந்த நேரம் ஜெபசீலன் மகள் ப்ளெஸ்ஸி ஹாலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். "ஆன்ட்டி, அப்பாவப் பாத்தீங்களா? போன் என்கிட்ட இருக்கு. சக்கரைக்கு மாத்திரை போட்டுட்டு இன்னும் சாப்பிடலை."

"உங்கப்பாதுதான்" என்று தேவசுந்தரி செருப்பைக் காட்டிவிட்டு உள்ளே நடந்தாள். பீடத்தைத் தாண்டி இரும்புக் கதவில் காதை வைத்தாள். உள்ளே ஏதோ மெல்லத் தட்டியது. சாவியைப் போட்டுத் திறந்தாள்.

எட்டுப் படம் ஓடும் திரைக்கு முன்னால், தரையில், பனியனோடு உட்கார்ந்திருந்தார் ஜெபசீலன். படம் பார்க்க உள்ளே வந்தவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்தவர் போல நனைந்திருந்தார். பக்கத்தில் அடுத்த மாதத் திருவிருந்துக்கு வாங்கி வைத்த திராட்சை ரசம். ஒரு பாட்டில் காலி, இரண்டாவது பாதி. சர்க்கரை இறங்க ஆரம்பித்ததும் அதைத்தான் குடித்திருக்கிறார். வாசலில் இவர்கள் மூவரும் நின்று வழக்காடியதையெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டே கத்தியிருக்கிறார். கேமரா நன்றாகத்தான் வேலை செய்தது.

ப்ளெஸ்ஸி அழுதுகொண்டே தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்து, எல்லாரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு முதல் வார்த்தை பேசினார்.

"கதவு நல்ல கதவு."

வெளியே வந்த பிறகு தேவசுந்தரி ராஜவேலுவிடம் மட்டும் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப் பானையில வுழுந்துதாம். தெரியுமா உனுக்கு?" சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை நீட்டினாள். "இந்தா. பூட்டலாம் இப்ப."

ராஜவேலு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாங்க்கா. எனுக்கு ரிஜிஸ்டர் போதும். கடைசி பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் போறவன். ரூமு எதுக்கு எனுக்கு?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த ஜெபசீலன் காதிலும் அது விழுந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை. "சாவி இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றார். இப்போதைக்கு என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

மறுவாரம் நடவடிக்கைப் புத்தகத்தை ராஜவேலு அவளுக்குப் படித்துக் காட்டினான். "பாதுகாப்பு ஒத்திகை ஒன்று முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்டு, நாற்பது நிமிடத்தில் வெற்றிகரமாக முடிந்தது. ஒத்திகைக்குச் செயலாளரே நேரில் ஒத்துழைத்தார். கேமரா அறைக்கு ஒன்பதாவது கேமரா வாங்கத் தீர்மானிக்கப்பட்டது."

"கதவுக்கு உள்பக்கம் பிடி போடறதப் பத்தி?"

"அதப் பத்தி ஒண்ணும் இல்லக்கா."

தேவசுந்தரி அன்றைக்கே ஆசாரியைக் கூட்டிவந்து, உள்பக்கம் பிடி போட வைத்தாள். எந்தப் புத்தகத்திலும் அது ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபசீலன் வந்தார். வழக்கமாகத் தூணோரம் எங்கோ உதறிவிட்டுப் போகிறவர், அன்று அவள் கண்ணெதிரே வந்து நின்று, இரண்டு செருப்பையும் சேர்த்து வைத்தார். ஒரு தரம் இருமினார்.

"பாத்துக்குங்கம்மா."

"ஆங், போங்க சார். பிரசங்கம் ஆரம்பிச்சுட்டாங்க."

அவர் உள்ளே போனதும் குனிந்து, அந்த ஜோடியைக் கேட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.